ஏபிள்டன் லைவ் (மேடையில் ஒலி ஓட்டும் மென்பொருள்): கை தொடாமல் கடல் அலைக் கிளிப்கள் (ஒலித் துண்டுகள்) மாறி மாறி ஓட வழி உண்டா?

பாம்பன் தவில்:
1964 தனுஷ்கோடிப் புயலைப் பற்றி எங்கள் குழு தங்கச்சிமடத்தில் ஒரு நாடகம் போடுகிறது. தவிலும் நான்தான், லேப்டாப்பும் நான்தான். தவிலைத் தோளில் மாட்டியபிறகு மவுஸைத் தொட முடியாது.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போய் ஐந்து அலைகளைப் பதிவு செய்தேன். மூன்று பெண் கடல், இரண்டு ஆண் கடல். பெண் கடல் மணலைத் தடவிவிட்டுப் போகும். ஆண் கடல் ஒருமுறை அடித்தால் அடுத்தது வரும்வரை அடிவயிற்றில் நிற்கும். இதை லூப்பில் போட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கடல் கேட்டு வளர்ந்த காது.

ஃபாலோ ஆக்‌ஷனில் 'எனி' வைத்தேன், ஒரு கிளிப் முடிந்ததும் அடுத்ததை லைவ் தானே எடுக்கும் என்று. ஒரே கிளிப் அடுத்தடுத்து வருகிறது, ஐந்தாவது வரவே இல்லை. நாடகம் தொடங்கி 12 நிமிடம் கழித்துப் புயல் காட்சியும் தானாக வர வேண்டும்.

கீழக்கரை மிக்ஸிங்:
'எனி' என்றால் ஓடிய கிளிப்பையே மறுபடி எடுக்கலாம். 'அதர்' வையுங்கள், அது எடுக்காது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் காலி ஸ்லாட் (கிளிப் வைக்கும் கட்டம்) இருக்கிறதா பாருங்கள். ஒட்டினாற்போல் இருக்கும் கிளிப்களைத்தான் லைவ் ஒரு குழுவாக எடுத்துக்கொள்ளும்.

பாம்பன் தவில்:
ஆமாம், ஒரு காலி ஸ்லாட் இருந்தது! இப்போது ஐந்தும் வருகின்றன. ஆனால் கிளிப் மாறுகிற இடம் காதில் இடறுகிறது.

தொண்டி கீபோர்டு:
பெண் கடலை ஒரு டிராக்கிலும் ஆண் கடலை இன்னொன்றிலும் போட்டு, இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். கிளிப் நீளங்கள் வேறு வேறாக இருக்கட்டும். ஒன்று மாறும்போது மற்றது மூடிக்கொள்ளும்.

புயலுக்கு வருவோம். லைவ் 11 முதல் சீனுக்கும் (ஒரே வரிசையில் சேர்ந்து ஓடும் கிளிப்கள்) ஃபாலோ ஆக்‌ஷன் உண்டு. 60 பிபிஎம் (நிமிடத்துக்கு 60 தட்டு), 4/4 (ஒரு பாருக்கு 4 தட்டு) என்றால் ஒரு பார் 4 நொடி, 12 நிமிடத்துக்கு 180 பார். ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன். நடிப்பவர் கொஞ்சம் நிதானித்தாலும் புயல் வசனத்தின் மேல் வந்து விழும். உங்கள் கால் சும்மாதானே இருக்கிறது? மிடி கீபோர்டில் சஸ்டைன் பெடலை மாட்டுங்கள். பெடலைப் பட்டனோடு இணைக்க கன்ட்ரோல் எம் அழுத்தி, புயல் சீனின் பட்டனைத் தேர்ந்தெடுத்து, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, மறுபடி கன்ட்ரோல் எம்.

அப்புறம் இரண்டு விஷயம். குளோபல் குவான்டைசேஷன் (அழுத்தியது எந்தத் தாள இடத்தில் தொடங்கும் என்ற அமைப்பு) '1 பார்' என்று இருந்தால் மிதித்தபிறகு 4 நொடி வரைகூடக் காத்திருக்கும், 'நன்' ஆக்குங்கள். புயல் சீன் வரிசையில் அலை டிராக்குகளின் காலி ஸ்லாட்டில் இருக்கும் ஸ்டாப் பட்டனை கன்ட்ரோல் ஈ கொடுத்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புயல் வந்ததும் கடல் நின்றுபோகும்.

பாம்பன் தவில்:
நேற்று ஒத்திகையில் பார்த்தேன். பாட்டியாக நடிக்கும் அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்ப்பார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் எடுக்கும். அவர் திரும்பினார், நான் மிதித்தேன், அந்த நொடியே காற்று எழுந்தது. கடலும் நிற்கவில்லை. வசனம் அமுங்கிப் போனதால் ஆண் கடல் டிராக்கை மட்டும் 3 டெசிபல் இறக்கினேன்.