ரோபன் விழுந்தது: பெனால்டியா, நடிப்பா?

மேற்கு கேலரி:
2014 கால்பந்து உலகக் கோப்பையின் நெதர்லாந்து – மெக்சிகோ ஆட்டத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. டோஸ் சாண்டோஸின் கோலால் மெக்சிகோ முன்னிலையில் இருக்கிறது. 88-ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் சமன் செய்கிறார். இஞ்சுரி டைமில் நெதர்லாந்தின் ரோபன் வலப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டிப் போய் உள்ளே திரும்புகிறார். மெக்சிகோவின் மார்க்கெஸ் காலை நீட்டுகிறார். உடனே ரோபன் இரு கைகளையும் தூக்கி, குண்டடி பட்டவர் போல விழுகிறார். விசில். ஹுண்டலார் பெனால்டியை அடிக்க, நெதர்லாந்துக்கு 2-1. முதல் பாதியில் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்ததாக ரோபனே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அப்படிப்பட்ட ஆளுக்கு நடுவர் ப்ரோயென்சா எதை நம்பிப் பெனால்டி கொடுத்தார்?

உள்ளூர் விசில்:
மாவட்ட லீக்கில் விசில் ஊதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் ரோபனின் கைகளைப் பார்க்கிறீர்கள். நடுவர் பார்க்க வேண்டியது மார்க்கெஸின் காலை. அந்தக் கால் பந்தைத் தொடவே இல்லை, ரோபனின் பாதத்தில்தான் பட்டது. உரசல் எல்லாம் ஃபவுல் ஆகிவிடாது, சரி. ஆனால் கவனக்குறைவாக எதிராளியை இடறிவிட்டால் ஃபவுல் என்கிறது 12-ஆவது விதி. விழுந்தவர் அழகாக விழுந்தாரா, அலங்கோலமாக விழுந்தாரா என்று அது கேட்பதில்லை. ரோபன் மிகையாக விழுந்தார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மார்க்கெஸ் செய்தது இல்லாமல் போய்விடுமா?

முதல் பாதி நடிப்புக்கு அப்போதே மஞ்சள் அட்டை காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை, அது நடுவரின் குறை. அந்தக் கணக்கைக் கடைசி நிமிடத்தில் தீர்க்க முடியாது.

மேற்கு கேலரி:
முதல் பாதி முடியும் நேரத்தில் மார்க்கெஸும் மொரேனோவும் சேர்ந்து ரோபனை வீழ்த்தியபோது ப்ரோயென்சா ஏன் சும்மா இருந்தார்? மொரேனோவின் கால் எலும்பே முறிந்துபோன மோதல் அது. அதற்கு ஈடாகத்தான் இதைக் கொடுத்தார் என்கிறேன்.

உள்ளூர் விசில்:
அது பெனால்டி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி! ஈடுகட்டினார் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. 2012 என்ற ஒரே ஆண்டில் ஐரோப்பியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் இரண்டின் இறுதியாட்டங்களுக்கும் நடுவராக இருந்தவர் அவர். பயந்து ஊதுகிற ஆள் இல்லை.

பழைய பந்து:
உண்மையான நடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். குரோஷியாவின் லோவ்ரென் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். பிரேசிலின் ஃப்ரெட் பொத்தென்று சாய்ந்தார். நடுவர் நிஷிமுரா பெனால்டி கொடுத்தார், நெய்மார் கோல் போட்டார். வீடியோ உதவி நடுவர் முறை உலகக் கோப்பைக்கு வந்தது 2018-இல்தான். முன்பே இருந்திருந்தால் ஃப்ரெட்டின் பெனால்டி பறிபோயிருக்கும், ரோபனுடையது நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மெக்சிகோவின் பயிற்சியாளர் ஹெரேரா நடுவரைத் திட்டித் தீர்த்தார். கோல் போட்ட டோஸ் சாண்டோஸை வெளியே அழைத்துவிட்டு, அணியைப் பின்னுக்கு இழுத்து, நெதர்லாந்தைத் தலைக்குமேல் ஏற்றிக்கொண்டது யார்?

மேற்கு கேலரி:
ஹெரேரா விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். பெனால்டி விஷயத்தில் வரமாட்டேன்.