இரண்டு ஆர்சிசிபியும் ஏன் விழுந்தன?

மாடியில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தொல்லை தொடங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் திரை எரியும், வெப்பநிலை காட்டும். மூன்று நிமிடம் கழித்துக் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கும். அந்த நொடியே டிபியில் (வீட்டின் மின் பெட்டியில்) ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், டக்கென்று விழும்.

கம்பெனியிலிருந்து வந்தவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, கம்ப்ரஸரில் எர்த் லீக்கேஜ் (மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது), மாற்றியாக வேண்டும் என்றார். இன்னொருவர் சொன்ன யோசனை என்னைப் பதற வைத்தது. ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாமாம்! அம்மா ஈரத் தரையில் நின்று குளிக்கும் தண்ணீர் அது. 30 மில்லி ஆம்பியர் கசிவதற்குள் துண்டிக்கத்தான் அந்தக் கருவியே இருக்கிறது. அடியோடு மறுத்துவிட்டேன்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியுடன் வந்தார். 500 வோல்ட்டில் சோதித்தார். இன்சுலேஷன் நூறு மெகா ஓமுக்கு மேல் இருந்தது, அதாவது கசிவுக்கான அறிகுறியே இல்லை. பிறகு கீழே சமையலறையின் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடியும் எதுவும் விழவில்லை.

"தம்பி, இத்தனை நாளும் விழுந்தது மேல்தள ஆர்சிசிபியா, கீழ்த்தளமா?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சில நாள் மேலே, சில நாள் கீழே, சில நாள் இரண்டும் சேர்ந்தே விழுந்திருக்கின்றன. சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, டிபியைத் திறந்தார். உள்ளே மின்சாரம் திரும்பி வரும் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்ததில் ஹீட் பம்பின் ஒயர் சிக்கியது. மின்சாரம் கொண்டுபோகும் பேஸ் ஒயர் மேல்தள ஆர்சிசிபி வழியாகப் போகிறது. நியூட்ரல் கீழ்த்தள லிங்கில் (கீழ்த்தள ஆர்சிசிபியின் நியூட்ரல்கள் சேரும் பட்டையில்) திருகப்பட்டிருக்கிறது! போன மின்சாரம் அதே வழியில் திரும்பாததால் இரண்டு ஆர்சிசிபிக்குமே அது கசிவாகத்தான் தெரியும். திரை மட்டும் எரியும்போது விழாததற்கும் காரணம் இதுதான்: மூன்று வாட் இழுத்தால் 13 மில்லி ஆம்பியர்தான் வரும். கம்ப்ரஸர் இழுப்பதோ மூன்று நான்கு ஆம்பியர்.

ஒரே ஒரு ஒயரை இடம் மாற்றித் திருகினார், அவ்வளவுதான். நல்ல கம்ப்ரஸரைக் கழற்றி எறிந்திருப்போமே என்று நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அந்தக் கறுப்பு ஒயரில் வெள்ளை டேப் சுற்றி, "மேல்தளம், ஹீட் பம்ப்" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். மற்ற நியூட்ரல்களுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் எழுத வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.