கிளவுட் கிளீனப் ஏஜென்ட்டுக்கு எழுதின இன்ஸ்ட்ரக்‌ஷன் சரியா இருக்கான்னு எப்படி செக் பண்றது?

மாறன்_டெவ்ஆப்ஸ்:
எங்க ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) அக்கவுண்ட்ல தேங்கிக் கிடக்குற பழைய வால்யூம் (டிஸ்க்), ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட பேக்கப் காப்பி), எலாஸ்டிக் ஐபி (மாறாத பப்ளிக் ஐபி) எல்லாத்தையும் ஒரு ஏஐ ஏஜென்ட் வச்சு கிளீன் பண்ணப் போறாங்க. இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைலை டீம்ல ஒருத்தர் எழுதிட்டார், ரிவ்யூ என்கிட்ட வந்திருக்கு. "யூஸ் ஆகாத ரிசோர்ஸைக் கண்டுபிடிச்சு கவனமா டெலீட் பண்ணு, டிரை ரன் பண்ணிப் பாரு, ப்ரொடக்‌ஷனைத் தொடாதே"ன்னு இருக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோடுன்னா டெஸ்ட் எழுதலாம், இதை எதை வச்சு ஓகே சொல்றது?

நள்ளிரவு_ஆன்கால்:
ப்ரோ, அந்த "யூஸ் ஆகாத"ங்கிற இடத்துலயே நிறுத்துங்க. குபர்னட்டிஸ்ல (கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கிற சாஃப்ட்வேர்) ஒரு ஸ்டேட்ஃபுல்செட்டை (டேட்டாபேஸ் மாதிரி டேட்டா வச்சிருக்குற ஆப்) ஜீரோவுக்கு இறக்கினா பாட் (ஓடிக்கிட்டு இருக்குற கன்டெய்னர்) போயிடும், பிவிசி (அந்த ஆப் டிஸ்க் வேணும்னு கேட்டு வச்ச பதிவு) அப்படியே இருக்கும், கீழ இருக்குற ஈபிஎஸ் வால்யூம் (ஏடபிள்யூஎஸ் டிஸ்க்) டிடாச் ஆகி "அவைலபிள்"னு காட்டும். ஏஜென்ட் பார்வைக்கு அது அனாதை வால்யூம், உண்மையில திங்கட்கிழமை காலையில திரும்ப ஏறப் போற டேட்டாபேஸ். அதனால "அவைலபிளா இருக்கணும், இத்தனை நாளா அட்டாச் ஆகாம இருக்கணும், பிவிசி டேக் இருந்தா தொடாம லிஸ்ட்ல மட்டும் காட்டு"ன்னு செக் பண்ணக்கூடிய கண்டிஷனா எழுதணும். "கவனமா"ங்கிறதை ஏஜென்ட் எந்த ஏபிஐயில போய்ப் பார்க்கும்?

எலாஸ்டிக் ஐபியும் அப்படித்தான். 2024 பிப்ரவரியிலேர்ந்து பப்ளிக் ஐபிவி4 ஒண்ணுக்கு மணிக்கு 0.005 டாலர், மாசம் சுமார் 3.6 டாலர்தான். அதை மிச்சம் பிடிக்கறேன்னு ரிலீஸ் பண்ணிட்டு, கிளையண்ட் ஃபயர்வால்ல அந்த ஐபியைத்தான் அலோ பண்ணி வச்சிருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சா, அதே ஐபி திரும்பக் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல. அப்புறம், ஈசி2 (ஏடபிள்யூஎஸ் சர்வர் சேவை) டிரை ரன், அதாவது நிஜமா செய்யாம ஒத்திகை பாக்கறது, உங்களுக்கு பர்மிஷன் இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், டெலீட் பண்றது சரியான்னு சொல்லாது.

யாமினி_எஸ்ஆர்இ:
மேல சொன்னது சரி, ஆனா படிச்சுப் பார்த்து மார்க் போடறதோட விடாதீங்க மாறன், ஒரு சாண்ட்பாக்ஸ் (சோதனைக்குன்னே தனியா வச்ச) அக்கவுண்ட்ல பொறி வச்சு ஓட்டிப் பாருங்க. மேல சொன்ன மாதிரி வால்யூம் ஒண்ணு, ஏஎம்ஐயோட (புது சர்வர் கிளப்பப் பயன்படுத்துற இமேஜ்) கட்டின ஸ்னாப்ஷாட் ஒண்ணு, ஓனர் டேக் இல்லாதது ஒண்ணுன்னு நட்டு வச்சுட்டு, டெலீட் பர்மிஷன் கொடுக்காம வெறும் பிளான் மட்டும் கேளுங்க. அதையே பல தடவை ஓட்டினா ஒவ்வொரு தடவையும் ஐடி லிஸ்ட் மாறுதா? அப்ப எழுத்துல எங்கயோ இடைவெளி இருக்கு, ஏஜென்ட் தன்னிஷ்டத்துக்கு நிரப்புதுன்னு அர்த்தம்.

இன்னொரு டெஸ்ட், எனக்கு ரொம்ப முக்கியம்னு படறது: டெலீட் பண்ண எதுவுமே இல்லாத அக்கவுண்ட்ல விடுங்க. "கண்டுபிடிச்சு டெலீட் பண்ணு"ன்னு சொன்னா எதையாவது கண்டுபிடிச்சே ஆகணும்னு போகும். "ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லி நிறுத்து"ன்னு வெளிப்படையா ஒரு வரி வேணும். கிளவுட்வாட்ச்ல (ஏடபிள்யூஎஸ் கண்காணிப்பு சேவை) மெட்ரிக் (பயன்பாட்டு அளவு) வராததையும் மெட்ரிக் ஜீரோவா இருக்கறதையும் ஒண்ணா எடுத்துக்குதான்னும் பாருங்க, பர்மிஷன் இல்லாம காலியா வந்த பதிலை "யாரும் யூஸ் பண்ணல"ன்னு எடுத்துக்கிட்டா முடிஞ்சுது கதை.

பூட்டுக்காரன்:
நான் கொஞ்சம் மாறுபடறேன். "ப்ரொடக்‌ஷனைத் தொடாதே"ங்கிறது இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைல்ல இருக்க வேண்டிய விஷயமே இல்ல, ஐஏஎம் பாலிசில (ஏடபிள்யூஎஸ்ல யாருக்கு என்ன பர்மிஷன்னு சொல்ற விதி) டினை (தடை) போடுங்க. எழுத்து எவ்வளவு நல்லா இருந்தாலும் அது பூட்டு ஆகாது. ஸ்னாப்ஷாட்டுக்கு ரீசைக்கிள் பின் ரூல் (அழிச்சதைக் கொஞ்ச நாள் மீட்கற வசதி) போட்டுட்டு ஆரம்பிங்க. டெராஃபார்ம் (ரிசோர்ஸை கோடா எழுதி உருவாக்குற டூல்) ஸ்டேட்ல, அதாவது அதோட கணக்குல, இருக்குற ரிசோர்ஸை ஏஜென்ட் நேரா அழிச்சா அடுத்த தடவை அந்தக் கோடை அப்ளை பண்றப்ப திரும்ப முளைக்கும், அதுக்கு டெலீட் வேணாம், கோடை மாத்தறதுக்கு பிஆர் (ரிவ்யூவுக்கு அனுப்பற மாற்றம்) போடச் சொல்லுங்க.

மாறன்_டெவ்ஆப்ஸ்:
ரொம்ப நன்றி மூணு பேருக்கும். ஒரு டவுட், பிளானை மேனேஜர் அப்ரூவ் பண்ண ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்குள்ள யாராவது அந்த வால்யூமை அட்டாச் பண்ணிட்டா?

யாமினி_எஸ்ஆர்இ:
அட்டாச் ஆன வால்யூமை ஏடபிள்யூஎஸ்ஸே அழிக்க விடாது, ஆனா நடுவுல அட்டாச் பண்ணி எழுதிட்டு கழட்டி வச்சிருந்தா மாட்டிக்குவீங்க. அதனால அப்ரூவல் ஐடி வாரியா இருக்கணும், அழிக்கறதுக்கு முந்தின நிமிஷம் அதே கண்டிஷனை திரும்ப ஓட்டணும், ஒண்ணு மாறியிருந்தாலும் அந்த ஐடியை விட்டுட்டு ரிப்போர்ட்ல எழுதணும். இதையும் பொறியில சேர்த்துக்கோங்க: பிளான் வந்ததுக்கு அப்புறம் நீங்களே ஒரு வால்யூமை அட்டாச் பண்ணிக் கழட்டிட்டு, ஏஜென்ட் கவனிக்குதான்னு பாருங்க.