எச்சில் வேலை செய்ய நேரம் கொடுங்கள்

அண்ணி: பள்ளியில் பல் பரிசோதனை நடந்தது. பையனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆரம்பிக்கிறதாம். அவன் இனிப்பே அதிகம் சாப்பிடுவதில்லையே! நீதான் பல் டாக்டர், என்ன காரணம் சொல்லேன்.

நான்: எவ்வளவு என்பதை விட எத்தனை தடவை என்று பாருங்கள் அண்ணி. அடிக்கடி ஏதாவது கொறிக்கிறானா?

அண்ணி: ஜூஸ் பாட்டில் கையிலேயே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பான்.

நான்: அதுதான். சர்க்கரை பட்டதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். சில நிமிடங்களிலேயே பிஹெச் (அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கி, பல்லின் வெளி உறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கும். பிறகு எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி பல்லில் ஏறும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடித்தால் பாவம், எச்சில் என்ன செய்யும்?

மாமா: எங்கள் சின்னவள் ராத்திரி சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுகிறாள்.

நான்: ஐயோ, வேண்டாம் மாமா. தூக்கத்தில் எச்சில் சுரப்பு கிட்டத்தட்ட நின்றேவிடும். பாலுக்கு அப்புறம் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்த்துவிடுங்கள். அவளுக்கு நான்கு வயதுதானே, பட்டாணி அளவு பேஸ்ட் போதும். நுரையைத் துப்பட்டும், வாய் கொப்பளிக்க வேண்டாம். பிறகு தண்ணீர் மட்டும்.

பெரியம்மா: என் பேரன் வாயைத் திறந்துகொண்டேதான் தூங்குகிறான்மா.

நான்: வாயால் மூச்சு விட்டால் இருக்கும் எச்சிலும் காய்ந்துவிடும் பெரியம்மா. மூக்கடைப்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். சில அலர்ஜி மருந்துகளும் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்தாமல், அதையும் அவரிடமே கேளுங்கள்.

அண்ணி: பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறார் அத்தை.

நான்: அம்மாவிடம் போனைக் கொடுங்கள், நானே சொல்கிறேன். ஆறு வயதையொட்டி பின்னால் வரும் கடைவாய்ப் பல், எந்தப் பல்லும் விழாமல் முளைப்பது. அது நிரந்தரப் பல். புதிதாக முளைத்த எனாமல், எச்சிலிலிருந்து தாதுக்களை எடுத்துக்கொண்டுதான் மெல்ல உறுதியாகும். அதுவரை சொத்தை சுலபமாக வரும். வெறும் வெள்ளைத் திட்டு என்றால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. குழி விழுந்திருந்தால் அடைக்கத்தான் வேண்டும்.

அண்ணி: சனிக்கிழமை காலையில் அழைத்து வரட்டுமா?

நான்: வாருங்கள் அண்ணி. ஜூஸ் கேட்டால் சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள். பாட்டிலில் தண்ணீர் போதும்.