ஏலத்தில் விற்ற டொமைன் ட்ரான்ஸ்ஃபர் ஆகவில்லை, அவசரம்

மலைச்சாரல்82:
வணக்கம். ஒரு டொமைனை (இணையதள முகவரிப் பெயர்) ஆன்லைன் ஏலத்தில் விட்டேன், 640 டாலருக்குப் போனது. வாங்கியவர் பணம் கட்டிவிட்டார், அது ஏலத் தளத்தின் கையில் இருக்கிறது. நானும் டொமைனை அவருடைய கம்பெனிக்கு மாற்றுவதற்கான ட்ரான்ஸ்ஃபர் கோடு (ரகசியக் குறியீடு) அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் பக்கம் ஃபெயில் ஆகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக் கொடுக்காவிட்டால் விற்பனை ரத்து என்று மெயில் வந்திருக்கிறது. என்ன செய்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சர்வர் சுந்தரி:
.காம் டொமைனா, .இன் டொமைனா? எந்த ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் பதிவு செய்யும் எந்தக் கம்பெனியில் இருக்கிறது? ஃபெயில் என்றால் திரையில் என்ன வாசகம் வருகிறது? இவையெல்லாம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

பாண்டி_வெப்:
கோடை மெயிலிலிருந்து காப்பி செய்தாரா? பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால் போதும், தப்பு என்று சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். கையால் டைப் செய்யச் சொல்லுங்கள்.

ராம்நாடு ராஜா:
பிரைவசி (உரிமையாளர் விவரத்தை மறைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கும். அதை ஆஃப் செய்து, நேம்சர்வரையும் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் சர்வர்) மாற்றி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

சர்வர் சுந்தரி:
நேம்சர்வருக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் சம்பந்தமே இல்லை ராஜா அண்ணா. அவரை அலைய விடாதீர்கள்.

ஈரோடு நந்தா:
எனக்கு வாங்கியவர் மேல்தான் சந்தேகம். முடியவில்லை, முடியவில்லை என்று இழுத்துவிட்டு, "ஏலத் தளத்தை விடுங்கள், நேரடியாக பேபாலில் போடுகிறேன்" என்று வருவார் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பேபாலில் வாங்கியவருக்குப் புகார் கொடுக்க 180 நாள் அவகாசம் உண்டு. டொமைனும் போய், பணமும் திரும்பப் போன கதை எனக்குத் தெரியும்.

மலைச்சாரல்82:
.காம் தான். 2017-ல் எடுத்தது. கோடு சரியாகத்தான் இருக்கிறது, இரண்டு முறை புதிதாக எடுத்து அனுப்பினேன். டொமைன் வெளியே போகாமல் தடுக்கும் லாக்கை ஆஃப் செய்யப் போனால் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. பேபால் என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

பழைய மோடம்:
லாக் பட்டன் மங்கலாக இருக்கிறது என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் ஜோசியம் பார்த்திருக்க வேண்டாம். பரவாயில்லை, புதியவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

ஐகேன் (டொமைன் விதிகளை வகுக்கும் அமைப்பு) லுக்அப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போடுங்கள். நிலை என்ற இடத்தில் "கிளையண்ட் ட்ரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" (ட்ரான்ஸ்ஃபருக்குத் தடை) என்று இருக்கும். அது இருக்கும்வரை பிரம்மாவே கோடு கொடுத்தாலும் போகாது. இப்போது கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: கடந்த இரண்டு மாதத்தில் அந்த டொமைனில் என்ன மாற்றினீர்கள்? உரிமையாளர் பெயர், மெயில் ஐடி, ஏதாவது?

மலைச்சாரல்82:
ஆமாம், அதே வாசகம்தான் இருக்கிறது. டொமைன் என் மச்சான் பெயரில் இருந்தது. ஏலத் தளத்தில் அடையாள அட்டையும் உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் போன மாதம் என் பெயருக்கு மாற்றினேன். அதுவா காரணம்?

பழைய மோடம்:
அதுவேதான். 2016 டிசம்பர் முதல் உள்ள விதி. உரிமையாளரின் பெயரையோ, நிறுவனத்தையோ, மெயில் ஐடியையோ மாற்றினால் 60 நாளைக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாமல் பூட்டிவிடுவார்கள். டொமைன் திருடர்கள் அக்கவுண்டில் நுழைந்து பெயரை மாற்றி, அன்றைக்கே வேறு கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்கத்தான். பெயர் மாற்றும்போதே "இந்தப் பூட்டு வேண்டாம்" என்று டிக் செய்ய சில கம்பெனிகள் இடம் கொடுக்கும். அதை மாற்றுவதற்கு முன்னால்தான் செய்ய முடியும். இனி அது நடக்காது. படிக்காமல் "அடுத்து, அடுத்து" என்று அழுத்துபவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வர் சுந்தரி:
மோடம் சார், விஷயம் சரி, கடைசி வரி தேவையா? பாவம் அவசரத்தில் இருக்கிறார்.

மலைச்சாரல், பயப்படாதீர்கள், வழி இருக்கிறது. பூட்டு வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதற்கு மட்டும்தான். அதே கம்பெனிக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தள்ளலாம், "புஷ்" என்பார்கள். வாங்கியவரை அங்கே ஒரு இலவசக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். அவர் மெயில் ஐடியும் கணக்கு எண்ணும் இருந்தால் போதும், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். கோடே தேவையில்லை.

இரண்டு விஷயம். ஒன்று, புஷ் ஆனதும் உரிமையாளர் பெயர் மறுபடி மாறும், அதனால் அவருக்கும் 60 நாள் பூட்டு விழலாம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வரும். இரண்டு, தள்ளுவதற்கு முன் ஏலத் தளத்துக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டு, "இந்த வழியில் கொடுக்கிறேன், ஏற்பீர்களா" என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் தலையாட்டாமல் டொமைனைக் கைவிடாதீர்கள்.

மலைச்சாரல்82:
ரொம்ப நன்றி அக்கா. இப்போதே மெயில் போடுகிறேன்.

ஈரோடு நந்தா:
அது இருக்கட்டும், என்ன பெயர் அது? 640 டாலர் சரியான விலைதானா?

மலைச்சாரல்82:
பெயர் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். மலை ஊர் ஒன்றின் பெயரும் ஹோம்ஸ்டே என்ற சொல்லும் சேர்ந்தது.

ஈரோடு நந்தா:
அடப்பாவி, அதையா ஏலத்தில் விட்டாய் தம்பி? ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் நம்மைப் போல வாங்கி விற்பவர்கள். நாளைக்கு யாரிடமாவது மூன்று மடங்கு கிடைக்குமா என்றுதான் கை தூக்குவார்கள், அதனால் மொத்த வியாபார விலையில் நிறுத்திவிடுவார்கள். அந்த ஊரில் நிஜமாகவே ஹோம்ஸ்டே நடத்துபவர் ஏலத் தளத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் ஒரு நாள் டொமைனை பிரவுசரில் அடித்துப் பார்ப்பார், "விற்பனைக்கு" என்ற பக்கமும் ஒரு விலையும் தெரிந்தால் கேட்பார். அதற்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாண்டி_வெப்:
காத்திருப்பதற்கும் ஆண்டுக்கு ஆண்டு ரினியூவல் பணம் யார் கட்டுவது? ஏலத்தில் ஒரு நல்லது, தேதி இருக்கிறது. பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கூட்டிக் கேட்டால் பல தளங்களில் நேரம் நீளும், அப்போதுதான் விலை ஏறும். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மாதக்கணக்கில் இழுக்கும் ஆளிடம் பேரம் பேசிப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஈரோடு நந்தா:
ஏறும், கேட்க இரண்டு பேர் இருந்தால். ஒருவர்தான் என்றால் தொடக்க விலைக்கே போகும். ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலை) வைக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஜெயித்தவர் பணம் கட்டாமல் ஓடிவிடுவது. எனக்கு ஒரு தளத்தில் நடந்தது. இரண்டாவதாகக் கேட்டவரிடம் போனால் அவர் பாதி விலை சொன்னார். மறுபடி ஏலம் விட்டாலோ, பழைய விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, "இது போகாத சரக்கு" என்று ஒதுங்கிவிட்டார்கள்.

ராம்நாடு ராஜா:
வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்குப் போனது தெரியுமா? எல்லாம் அதிர்ஷ்டம்.

பழைய மோடம்:
2019-ல். விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி, வாங்கியது பிளாக்.ஒன். அது ஏலமே இல்லை, தனியாகப் பேசி முடித்தது. அந்த எடுத்துக்காட்டு நந்தா சொல்வதற்குத்தான் சாதகம். ஏலம் எதற்கு ஒத்துவரும் என்றால், நான்கு எழுத்து, ஒற்றைச் சொல் .காம் மாதிரி எந்த வியாபாரிக்கும் விலை தெரிந்த பெயருக்கு. டொமைன் விற்பனைகளைத் தொகுக்கும் நேம்பயோ தளத்தில் பழைய விற்பனைகளைத் தேடினால் ஒத்த பெயர்கள் கிடைக்கும், அதை வைத்து ரிசர்வ் வைக்கலாம். ஊர்ப் பெயர் வைத்த சரக்குக்கு நிலையான விலைதான் லாயக்கு. இதைப் பத்து முறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை.

தேனிக் குயில்:
நீங்கள் எல்லோரும் பேசுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. எங்கள் ஊரில் சின்னதாக ஒரு விடுதி தொடங்கலாம் என்று பெயர் தேடினால் எல்லாவற்றையும் யாரோ பிடித்து வைத்து லட்சம் கேட்கிறார்கள். இது வியாபாரமா, பதுக்கலா?

ஈரோடு நந்தா:
காலி மனை வாங்கிப் போடுவது போலத்தான் அம்மா. யார் வேண்டுமானாலும் முதலில் எடுத்திருக்கலாம்.

தேனிக் குயில்:
மனைக்கு அளவு உண்டு. ஊர் பெயர் உங்கள் பாட்டன் சொத்தா?

பழைய மோடம்:
உணர்ச்சியை விட்டு விதியைப் பாருங்கள். அடுத்தவர் பிராண்ட் பெயரைப் பிடித்து வைத்து அவரிடமே விற்கப் பார்த்தால் தப்பு. சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. புகார் செய்ய, .காம் என்றால் யுடிஆர்பி, .இன் என்றால் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் விதிகள் உண்டு. வைப்போவில் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரு நடுவர் முன் யுடிஆர்பி புகார் போட 1,500 டாலர். ஆனால் பெயர் குழப்பும்படி ஒத்திருந்தால் மட்டும் போதாது. வைத்திருப்பவருக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் பயன்படுத்துகிறார் என்பதையும் காட்ட வேண்டும். ஊர்ப் பெயரும் ஹோம்ஸ்டேயும் பொதுச் சொற்கள். அங்கே புகார் நிற்காது.

தேனிக் குயில்:
சட்டம் நிற்காது என்றால் நியாயம் ஆகிவிடுமா சார்?

சர்வர் சுந்தரி:
குயில், .இன்-இல் பாருங்கள், இல்லையென்றால் பெயரோடு "ஸ்டே", "வீடு" என்று எதையாவது சேர்த்துப் பாருங்கள். சாதாரண விலைக்கே கிடைக்கும். லட்சம் கேட்பவருக்குப் பதிலே எழுதாதீர்கள். மெயில் போட்டாலே ஆள் சிக்கிவிட்டது என்று விலை ஏற்றுவார்கள்.

ராம்நாடு ராஜா:
.இந்தியா என்று தமிழிலேயே எடுக்கலாமே.

பாண்டி_வெப்:
எடுக்கலாம். விசிட்டிங் கார்டில் போட்டால் அதை எத்தனை பேர் போனில் டைப் செய்வார்கள்?

மலைச்சாரல்82:
புஷ் ஆகிவிட்டது. தளமும் சரி என்றது, வாங்கியவரும் 60 நாள் விஷயத்துக்கு ஒத்துக்கொண்டார். கமிஷன் 20 சதவீதம் போக மீதி வருமாம். எல்லோருக்கும் நன்றி.

ஈரோடு நந்தா:
512 டாலர். அதிலும் வங்கிக்காரர் டாலரை ரூபாயாக்கும்போது கொஞ்சம் எடுப்பார். வாங்கியவர் ஹோம்ஸ்டேக்காரரா, நம் ஆளா?

ஈரோடு நந்தா:
தம்பி, இருக்கிறாயா?

தேனிக் குயில்:
அவர் போய்விட்டார். உங்களில் யாராவது ஒரு .இன் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பொதுவில் எழுதினால் ராத்திரிக்குள் எடுத்துவிடுவீர்கள்.