ஆஸ்பத்திரிச் சுவரில் படித்த ஒரு சொல்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பழைய அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் வராண்டா பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். எதிர்ச்சுவரில் ஒரு பளிங்குக்கல். எழுத்துகளில் பூசிய கறுப்பு மை பாதி உதிர்ந்திருந்தது. இன்னாருடைய 'மியூனிஃபிசென்ஸ்' காரணமாக இந்த வார்டு எழுந்தது என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள். அடியில் 1911.

முதலில் அதை 'மேக்னிஃபிசென்ஸ்' என்றுதான் வாசித்தேன். "என்னடி எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டபோது, "ஏதோ பிரமாதம்னு போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். மறுபடி உற்றுப் பார்த்தால் சொல்லே வேறு.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அள்ளிக் கொடுக்கும் குணம் என்று பொருள் போட்டிருந்தது. சரி என்று மூடியிருப்பேன், வேர்ச்சொல் விடவில்லை. லத்தீனில் 'மூனுஸ்' என்றால் கொடை. அதே சொல்லுக்குக் கடமை என்றும் பொருள். நம் முனிசிபாலிட்டியும் அந்த வேர்தான். கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர் 'இம்யூன்'. தடுப்பூசி தரும் இம்யூனிட்டி அதன் வழி வந்தது.

ரோமானிய ஊர்களில் பதவிக்கு வரும் பணக்காரர் தன் கைக்காசில் ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இளைய பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் தன் சொந்த ஊருக்கு, இன்றைய இத்தாலியின் கோமோவுக்கு, நூலகம் கொடுத்தார். அதைப் பராமரிக்கவே தனியாக 1,00,000 செஸ்டர்ஸ் (அந்தக் கால ரோமானியக் காசு) வைத்தார். ஊர் எளிய மக்களின் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும் சாப்பிட 5,00,000. இந்தக் கணக்கும் கல்லில் வெட்டியதால்தான் நமக்குத் தெரிகிறது. கட்டிக் கொடுத்ததைவிட, பராமரிப்புக்கும் யோசித்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தமிழில் இதற்குத் 'தாராளம்' போதவே போதாது. 'வள்ளன்மை' பரவாயில்லை. ஆனால் அந்தக் கடமைப் பொருளும் சேர்ந்து வர வேண்டுமென்றால் நான் 'ஒப்புரவு' என்றுதான் சொல்வேன். வள்ளுவர் ஈகைக்கு முன்னாலேயே அதற்குத் தனி அதிகாரம் வைத்து, முதல் குறளிலேயே 'கடப்பாடு' என்கிறார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊருணி நிறைந்தால் ஊரே மொண்டுகொள்ளுமே, அது ஒப்புரவு. யாருக்கு நோய் வந்தாலும் படுக்க ஒரு வார்டு என்பதும் அப்படித்தானே.

ஒரு வாரம் கழித்து செக்கப்புக்குப் போனோம். அதே பெஞ்ச். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எண் தெரியும். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசித்தார்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு."