பிக் மேட்ச் நேரலையைச் சந்தாவுக்கு விடலாமா?

உவர்மலைப் பெடியன்:
எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு சிக்கல், உங்கள் கருத்து வேண்டும். திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் நடக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தின் வருடாந்தக் கிரிக்கெட் ஆட்டமான பிக் மேட்சை இதுவரை நாங்களே பேஸ்புக்கில் இலவசமாக நேரலை விட்டு வருகிறோம். இரண்டு கமரா, ஒரு லப்டொப், பவிலியன் படியில் குந்தியிருந்து ஸ்கோர் தட்டும் ஒரு உயர்தரப் பெடியன், அவ்வளவுதான். இப்போது கொழும்பு நிறுவனம் ஒன்று ஐந்து வருட உரிமையை முழுதாகக் கேட்கிறது. காசு தருவார்கள், ஆனால் அவர்களுடைய ஆப்பில் சந்தா கட்டியவர்கள் மட்டும்தான் பார்க்கலாம். பயிற்சி வலை கிழிந்து தொங்குகிறது, பிட்சில் விரிக்கும் மெற்றிங்கும் மாற்ற வேண்டும், அதனால் காசு தேவை என்பது உண்மை. “அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டெல்லாம் இப்படித்தானே ஓடுது” என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார். அங்கே என்னதான் நடந்தது?

ஒஹாயோ திருமலையான்:
தம்பி, நான் கொலம்பஸில் இருக்கிறேன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்போல் ஆட்டம் என்றால் இந்த ஊரில் வேறு பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் ரிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்று பயந்து, எந்தக் கல்லூரி எத்தனை ஆட்டம் காட்டலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தன் கையிலேயே வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜோர்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது. 2022இல் ஒஹாயோ ஸ்டேட் ஆடும் கல்லூரி அணிக்கூட்டான பிக் டென், ஃபொக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று ரிவி நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏழு வருடத்துக்கு விற்ற தொகை 700 கோடி டொலருக்கு மேல். அதில் சில ஆட்டங்கள் என்பிசியின் இணையச் சேவையான பீகொக்கில் மட்டும்தான், வீட்டில் கேபிள் இருந்தாலும் அதற்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும். விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னும் 2025 ஓகஸ்டில் மாதம் 29.99 டொலருக்குத் தன் சொந்த நேரலைச் சேவையைத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து ஈஎஸ்பிஎன்னை வைத்திருக்கும் டிஸ்னியும், சேனல்களை இணையத்தில் சந்தாவுக்குக் கொடுக்கும் யூடியூப் ரிவியும் விலையில் பிணங்கிக்கொண்டதில், சீசன் நடுவில் இரண்டு வாரம் யூடியூப் ரிவிக்காரர்களுக்கு ஈஎஸ்பிஎன் இல்லை. காசு கட்டியவனுக்கே ஆட்டம் இல்லாமல் போனது, இதைக் கமிட்டியில் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று, இங்கே 2025இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கே நேரடியாகக் காசு கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு வரம்பு 2 கோடியே 5 இலட்சம் டொலர். உங்கள் ஒப்பந்தத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

ஸ்கோர்புக்:
பக்-12 கதையையும் கேளுங்கள். 1915இல் தொடங்கிய, அமெரிக்க மேற்குக் கரைக் கல்லூரிகளின் அணிக்கூட்டு அது. 2023இல் அப்பிள் அவர்களிடம் கொண்டுவந்தது பெரும்பாலும் சந்தாவை நம்பிய ஒப்பந்தம், ஆட்கள் எவ்வளவு சேருகிறார்களோ அதற்கேற்பத்தான் வருமானம் ஏறும். அதை நம்பி இருக்கப் பயந்து ஒறிகனும் வோஷிங்டனும் பிக் டென்னுக்குப் போனார்கள், யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் அதற்கு முன்பே போக முடிவெடுத்திருந்தார்கள். 2024இல் பன்னிரண்டில் மிஞ்சியது ஒறிகன் ஸ்டேட்டும் வோஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குத் தருவது நிலையான தொகையா, சந்தாவில் பங்கா என்பது. பங்கு என்றால் கையெழுத்தே போடாதீர்கள், ஏனென்றால் எத்தனை பேர் கட்டினார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில்தான் இருக்கும்.

தோஹாவிலிருந்து ஒரு அம்மா:
என் மகன் உங்கள் அணியில் சுழல்பந்து போடுகிறான். போன வருடம் வேலைக்கு நடுவில் போனை மேசை லாச்சிக்குள் வைத்துத்தான் பார்த்தேன். காற்று மைக்கில் அடித்து ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவன் விக்கெட் எடுத்ததும் பெடியள் ஓடிப்போய் அவனைத் தூக்கியது தெளிவாகத் தெரிந்தது. நான் எப்படியாவது சந்தா கட்டிவிடுவேன். சாம்பல்தீவில் இருக்கிற என் அம்மாவுக்கு வங்கி அட்டையும் இல்லை, ஆப் இறக்கவும் தெரியாது. பேரனின் ஆட்டத்தை அவர் எப்படிப் பார்ப்பது?

நிலாவெளி ரசிகன்:
அக்கா சொல்வதுதான் எனக்கும் பெரிதாகப் படுகிறது. சந்தா முழுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2018இல் ஈஎஸ்பிஎன் பிளஸ் என்ற சந்தாச் சேவை வந்த பிறகு, முன்பு எந்த ரிவியும் திரும்பிப் பார்க்காத சின்னக் கல்லூரிகளின் கரப்பந்து, உதைபந்து ஆட்டங்கள் எல்லாம் திரைக்கு வந்தன, அது நல்ல விசயம். ஆனால் 2024 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டங்களைப் பாருங்கள். பெண்களின் ஆட்டம் ஏபிசியில், அதாவது அன்டெனா வைத்தாலே வரும் சேனலில் போனது, 1 கோடியே 87 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆண்களின் ஆட்டம் கேபிள் கட்டணச் சேனல்களில், 1 கோடியே 48 இலட்சம். அதில் ஆடிய நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்குக்காகப் பார்த்தவர்கள் நிறைய, சரி, ஆனாலும் கதவு திறந்திருந்ததால்தானே அத்தனை பேர் உள்ளே வந்தார்கள். வெளிநாட்டில் உள்ளவர்களுக்குச் சந்தா, இலங்கைக்குள் இலவசம் என்று கேளுங்கள், ஆப்பில் நாடு வாரியாகப் பிரிப்பது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள். பழைய ஆட்டங்களின் வீடியோ பள்ளிக்கூடத்துக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள்.

உவர்மலைப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் அம்மா பார்க்க வழியில்லாத ஒப்பந்தத்துக்கு நான் கை தூக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு வருடம், உள்நாட்டில் இலவசம், நிலையான தொகை, வீடியோ எங்களுக்கு என்ற நான்கையும் வைக்கிறேன். பிள்ளைகளுக்கு என்ன என்ற கேள்விக்கு எங்களிடம் பதிலே இல்லை, அதையும் கேட்கிறேன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பல பக்கம் இருக்கிறது. இங்கே சட்டத்தரணி யாராவது இருந்தால், ஞாயிறுக்கு முன் ஒருமுறை வாசித்துத் தருவீர்களா?